யாருக்க பிள்ளை என்று கேட்காத ஒரு பிற்பகல்

1

இன்று காலை வகுப்பில் நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம். வேல்ஸில் ஒரு கடலோர ஊர். மழை வழக்கம்போல் சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. ஆசிரியர்களும் செவிலியர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைப் பழக்குவதுதான் எனக்கு இங்கே வேலை. ஒரு குழந்தை தனக்கு நடக்கிற கொடுமையைச் சொல்ல வாயெடுக்கும்போது பெரியவர்கள் எப்படிக் கேட்க வேண்டும், கேட்டதை யாரிடம் சொல்ல வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கைகொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். பாதி நேரம் நடித்துப் பார்ப்போம். ஒருவர் குழந்தை, ஒருவர் டீச்சர்.

இன்று டீச்சராக நடித்த இளைஞன் அச்சடித்த பாடப்புத்தகம்தான். குழந்தை பேசியது, அவன் கேட்டான். குறுக்கே ஒரு கேள்வி இல்லை. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, உறவு கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இங்கே கைதட்டுவதுகூட அடுத்த அறைக்குக் கேட்காமல்தான். எனக்கு எங்கள் ஊர்த் தக்கலை ஞாபகம் வந்து சிரிப்பு பீறிட்டுவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தேன். என் மேலதிகாரி பாவம், ஓடிப்போய் தண்ணீர் கொண்டுவந்தார். ஏன் சிரித்தேன் என்று அவருக்கு விளக்க என் ஆங்கிலம் போதாது. உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே போதும்.

2

நம்ம ஊரில் பேச்சு 'சுகமா இருக்கியா' என்று தொடங்காது. 'நீ யாருக்க மோளு?' என்று, யாருடைய மகள் என்றுதான் தொடங்கும். அப்பா பெயரைச் சொன்னால் தப்பிக்க முடியாது. அப்பாவின் வீட்டுப் பெயர், அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த ஊர், எந்த சபை, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் வேலை பார்த்தார்கள் என்று போய், கடைசியில் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் வந்து முட்டும். முட்டிய பிறகுதான் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தக்கலையில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் நமக்குச் சித்தப்பா முறை ஆகிவிடுவார்.

என் மகள் ஷெரினுக்கு இது பழக்கமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற வெல்ஷ் மொழி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் வாழைப்பழம் இன்னும் வாளைப்பளம்தான். போன விடுமுறையில் மார்த்தாண்டம் சந்தையில் மீன் வாங்கப் போனபோது மீன்காரம்மாவும் பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து அவளைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். அவள் என் காதருகே வந்து மெதுவாக, "அம்மா, இவங்க எல்லாரும் இமிக்ரேஷன்ல வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஆனால் அவள் பாஸ்போர்ட் பையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் வலித்தது. என் பிள்ளைக்கு என் ஊர் ஒரு விசாரணை அலுவலகமாகத் தெரிகிறதே என்று.

கேள்வி கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஷெரின் பிறந்த புதிதில் நாங்கள் இங்கே ஒரு மாடி வீட்டில் இருந்தோம். பிள்ளை விடாமல் அழுவாள், கூடவே நானும் அழுவேன். கணவருக்கு ஷிப்ட் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியும். ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. வந்தது ஒரு நர்ஸ் மட்டும். 'வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, என்னைப் போய்க் குளிக்கச் சொன்னார். நான் பின்னால் இந்த வேலைக்கு வந்தது அந்தக் குளியலால்தான். களைத்துப்போன தாயிடமிருந்து சரியான நேரத்தில் பிள்ளையை ஒருவர் கையில் வாங்கிக்கொண்டால் எத்தனையோ கெட்டது நடக்காமல் போகும். நம்ம ஊரில் பிள்ளை அழுதால் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கேட்பார்கள்.

3

ஷைலா என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது தக்கலைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியை. நான் லீவுக்கு வருகிறேன் என்று தெரிந்ததும் போன் செய்தாள்.

"பிள்ளே பிரமிளா, வெள்ளக்காரங்களுக்குப் படிப்பிச்சுக் குடுக்கியல்லா, எங்களுக்கும் ஒருநாள் வந்து படிப்பிச்சுத் தா."

"மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்ன வாற என்னை அங்கயும் வேலை செய்யச் சொல்லுகியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "போன வருசம் ஒரு பிள்ளை எனக்க ரூம் வாசல்ல வந்து நிண்ணுது. என்ன மக்கான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல டீச்சர்னு போயிட்டு. மறுநாளும் வந்து நிண்ணுது. அடுத்த மாசம் டி.சி. வாங்கிட்டு குடும்பத்தோட எங்கயோ போயிட்டாவ. அது என்ன சொல்ல வந்துதுன்னு எனக்கு இண்ணு வரை தெரியாது."

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளியில் ஓர் அறை. அதில் உட்கார ஒரு டீச்சர். எந்தப் பிள்ளையும் எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். அதற்கு எல்லோரையும் பழக்க வேண்டும். தடையாக நின்றவர் தாளாளர் ஞானசிகாமணி சார். கெட்டவர் இல்லை, நல்லவர்தான், அதுதான் சிக்கலே. "எல்லாம் நமக்குத் தெரிஞ்ச குடும்பங்க. இஞ்ச அப்பிடி ஒண்ணும் கெடையாது" என்பது அவர் கட்சி. ஷைலா நச்சரித்ததில் ஒருநாள் பயிற்சிக்கு மட்டும் சம்மதித்திருந்தார். அவரே வந்து உட்காருவார். மாலையில் முடிவு சொல்வார். வேண்டாம் என்று சொன்னால், அவர் நாற்காலியில் இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சே கிடையாது. அடுத்த பிள்ளை வந்து நின்றால் அதுவும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

4

பயிற்சி நாளன்று முதலில் ஜெபம். பிறகு வரவேற்புரை. பிறகு என்னை அறிமுகப்படுத்த தாளாளர் எழுந்தார். என் படிப்பைப் பற்றி ஒரு வரி. என் அப்பா வீட்டைப் பற்றி ஒரு நீண்ட வரலாறு. அவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கும் என் அம்மாவின் வீட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்து, நான் அவருக்கு மருமகள் முறை என்று நிறுவிவிட்டுத்தான் மைக்கை விட்டார். கூட்டம் கைதட்டியது. இங்கே வேல்ஸில் இந்த வேலைக்கு என்னைச் சேர்க்க போலீஸ் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், பழைய முகவரிகள் என்று மாதக்கணக்கில் தோண்டினார்கள். தாளாளர் சார் அதே வேலையை ஒரு டம்ளர் சாயா ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி வேன் டிரைவர் வின்சென்ட் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் விதிகளைச் சொன்னேன். பிள்ளை பேசும்போது நோண்டிக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில், போலீஸிலோ குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலோ, சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். அந்த இடம் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அது புருஷனாக இருந்தாலும் பாஸ்டராக இருந்தாலும். எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது நடிப்பு. பிள்ளையாக வின்சென்ட். பெரிய மீசை, ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலி. அதில் அவர் மடங்கி உட்கார்ந்ததற்கே கூட்டம் ஆர்ப்பரித்தது. டீச்சராக ஷைலா. தாளாளருக்கு முன்மாதிரி காட்ட வேண்டுமென்று தானே முன்வந்தாள். நான் கொடுத்த அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: பள்ளி விட்டதும் மாமா கூட்டிப்போக வருவார், பிள்ளைக்கு அவரோடு போகப் பயம்.

வின்சென்ட் தலையைக் குனிந்துகொண்டார். "டீச்சர், நான் இண்ணு மாமா கூட போவல்ல."

"எந்த மாமா மக்கா?" என்றாள் ஷைலா.

நான் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"அம்மைக்க அண்ணன்."

"அம்மைக்கு எந்த ஊரு?"

அட்டையில் ஊர் இல்லை. வின்சென்ட் திருதிருவென்று விழித்தார். "சிதறால்" என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

"சிதறால்ல மலைக்குப் போற வழியா, இஞ்ச பக்கமா?"

"இஞ்ச பக்கம்."

"வளைவு திரும்பினதும் ஒரு மாடி வீடு உண்டே, அதா? மார்த்தாண்டத்துல பெயின்ட் கடை வச்சிருக்காவளே?"

"ஆமா" என்று சொல்லிவிட்டார் வின்சென்ட். கேள்வி நின்றால் போதும் அவருக்கு.

மூன்றாம் வரிசையில் நேசபாய் டீச்சர் எழுந்தார். இரண்டாம் வகுப்பு எடுப்பவர், ஞாயிறு பள்ளியிலும் அவர்தான். "ஏலே வின்சென்ட், அது எனக்க அண்ணன்லா! எனக்க அண்ணனையா சொல்லுக?"

அதன் பிறகு நடந்ததை நான் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்ததில்லை. "அவரு தங்கமான மனுசன்" என்று ஒரு பக்கம். "கோவிலுக்கு பெயின்ட் சும்மா தந்தவரு" என்று இன்னொரு பக்கம். "ஆனாலும் கொஞ்சம் முன்கோபி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அது யாரு சொன்னது?" என்று நேசபாய் திரும்ப, சொன்னவர் குனிந்து செருப்பைத் தேடினார். "ஒனக்கு வாய் கூசல்லியா?" என்று வின்சென்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "அய்யோ, நான் சும்மா நடிச்சேன், டீச்சர் கேட்டுக்கிட்டே இருந்தாவ" என்று அவர் மீசை நடுங்கச் சொன்னார். இல்லாத ஒரு மாமாவுக்கு வீடு, கடை, தங்கச்சி எல்லாம் கொடுத்துவிட்டோம். இனி அவரை இல்லை என்று யார் சொல்வது?

தாளாளர் எழுந்தார். "இதுக்குத்தான் நான் சொன்னேன். நல்ல குடும்பங்களுக்க பேரு கெடுகது இப்பிடித்தான். சாப்பாட்டோட முடிச்சுக்கிடுவோம்."

ஷைலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

5

சாப்பாட்டில் ஆட்டுக்கறி. எனக்கு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம். ஷைலா மேல் கோபம், வின்சென்ட் மேல் கோபம், மலைக்குப் போகிற வழியா இந்தப் பக்கமா என்று கேட்கிற மொத்த ஜில்லா மேலும் கோபம். என்ன இருந்தாலும் நேசபாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். அவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க. ஒங்க அண்ணனை யாரும்..."

"அதில்ல மக்கா" என்றார். "அண்ணனுக்க பேரு வந்த உடனே எனக்குப் பிள்ளை கண்ணுக்கே தெரியல்ல. அது அஞ்சு வயசோ எட்டு வயசோ, அதுக்கு என்னத்துக்குப் பயம்னு எனக்குக் கேக்கத் தோணல்ல. எனக்கு மட்டுமா? இத்தன பேரு இருந்தோம். எல்லாரும் அண்ணனுக்குச் சாட்சி சொன்னோம். பிள்ளைக்கு ஒருத்தரும் இல்ல. நெசமான பிள்ளையா இருந்தா, அது இனி சாவுற வரை வாய் தொறக்குமா?" என்றார்.

இத்தனை வருடம் படங்கள் போட்டு, அம்புக்குறி போட்டு நான் விளக்கிக்கொண்டிருந்ததை இந்த அம்மா ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டார். "இதை மேடையில சொல்வீங்களா?" என்றேன். "சொல்லுகது என்னத்துக்கு? திரும்பச் செய்வோம்" என்றார்.

ஆனால் தாளாளர் சாப்பாட்டோடு முடித்தாயிற்றே. இங்கேதான் மார்த்தாண்டம் நம்மைக் காப்பாற்றியது. நிறைவு விழாவுக்குத் தாளாளருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையும் நினைவுப் பரிசும் மார்த்தாண்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. கொண்டுவந்தவர் ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டார். பாலத்துக்கு மேலே ஒரு லாரி, கீழே ஒரு கல்யாணக் கார் ஊர்வலம். பொன்னாடை இல்லாமல் நிறைவு விழா எப்படி? தாளாளர் திரும்பவும் நாற்காலியில் சாய்ந்தார். மார்த்தாண்டம் டிராபிக்குக்கு நான் மனதார நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான்.

நேசபாய் முன்னால் வந்தார். வின்சென்ட் பயந்துபோய்க் குட்டி நாற்காலியில் மறுபடி மடங்கினார். நேசபாய் நாற்காலி கேட்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் இண்ணு மாமா கூட போவல்ல."

நேசபாயின் தொண்டை ஏறி இறங்கியது. கேள்வி அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, எங்களுக்கே தெரிந்தது. கூடத்தில் ஒவ்வொருவர் வாயிலும் அதே கேள்வி. ஒரு அங்கன்வாடி டீச்சர் கைக்குட்டையால் தன் வாயை மூடிக்கொண்டார்.

"சரி மக்கா" என்றார் நேசபாய். "சொல்லு. நான் கேக்கேன்."

அவ்வளவுதான். பிறகு அவர் பேசவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வின்சென்ட்டுக்கு இதற்கு மேல் அட்டையில் எதுவும் இல்லை. அவர் கையைப் பிசைந்தார். நாற்காலி விளிம்பைப் பிடித்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "வழியில வண்டிய நிறுத்துவாரு. எனக்குப் பயமா இருக்கு. அம்மை நம்ப மாட்டா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. மீசை இருந்தது, ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பிள்ளை.

"யாருடே அந்த மாமன்?" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

கூடம் மொத்தமும் திரும்பி, "உஷ்ஷ்!" என்றது. அதட்டியது தாளாளர் சாரேதான். பாதி எழுந்திருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொன்னது நல்லது மக்கா. நான் நம்புகேன்" என்றார் நேசபாய். "இத யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். ஒனக்கு ஒதவி செய்யுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்." வின்சென்ட் மீசையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது கண்ணை என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு டீச்சர் கேட்டார், அப்படியானால் யாருக்க பிள்ளை என்று எப்போதுதான் கேட்பது? நியாயமான கேள்வி. பிள்ளை சொல்லி முடித்த பிறகு, பாதுகாப்பு உறுதியான பிறகு, அந்த வேலைக்கு உரியவர்கள் கேட்கட்டும் என்றேன். எந்த அத்தை நல்லவள், எந்தப் பக்கத்து வீட்டில் இரவு தங்கவைக்கலாம், தாய்க்கு யார் துணை என்று பார்க்கும்போது உங்கள் உறவுக் கணக்கு முழுவதும் வேண்டிவரும், அதில் உங்களை மிஞ்ச உலகத்தில் ஆள் இல்லை என்றேன். கூட்டம் இதற்குத்தான் பலமாகக் கைதட்டியது.

பொன்னாடை வந்து சேர்ந்தது. தாளாளர் அதைப் போர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "ஸ்டோர் ரூமை ஒழிச்சுத் தாறேன். ஆளு யாருன்னு ஹெச்.எம். சொல்லட்டும்" என்றார். ஷைலா வாய் திறக்கும் முன்பே கூடம் நேசபாயைக் காட்டியது. ஷைலா என் கையைப் பிடித்தாள். நோகும்வரை அழுத்தினாள்.

6

இந்தப் பக்கம் திரும்பி வந்த பிறகு என் வேல்ஸ் வகுப்பில் ஒரு பயிற்சியைச் சேர்த்திருக்கிறேன். பிள்ளைக்கும் தாய்க்கும் சுற்றிலும் யார் யார் உண்டு என்று வரைந்து பார்ப்பது. இவர்கள் ஒரு வட்டம் வரைந்துவிட்டுப் பேனாவைக் கடிக்கிறார்கள். இவர்களுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. நமக்கு நேர்மாறு. ஷெரின் ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தனக்கென்று ஒன்று வரைந்தாள். மார்த்தாண்டம் மீன்காரம்மாவும் அதில் இருந்தார். "அவங்க எனக்கு என்ன முறைம்மா?" என்று கேட்டாள். முறை ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தை என்றேன்.

ஸ்டோர் ரூமுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்களாம். பெயின்ட்டை நேசபாயின் அண்ணனே அனுப்பிவைத்தாராம். ஷைலா படம் அனுப்பியிருந்தாள். நேற்று நேசபாய் டீச்சரே கூப்பிட்டார்.

"மக்கா, ஒரு பிள்ளை வந்துது."

நான் அடுப்பை அணைத்தேன்.

"கொஞ்ச நாளா வரும், இருக்கும், போவும். நான் ஒண்ணும் கேக்கல்ல. முள்ளுமேல இருக்கியது மாதிரி இருந்து எனக்கு. பொறவு ஒருநாள் அதுவா பேசிச்சு. எல்லாம் பேசிச்சு. சொல்ல வேண்டிய இடத்துல ஷைலாவும் நானும் சேந்து சொல்லியாச்சு. அங்கயிருந்து ஆளு வந்து பாத்தாவ. அம்மைக்கும் இப்ப தொணைக்கு ஆளு உண்டு. பிள்ளை இண்ணு வராண்டால ஓடிப் பிடிச்சு வெளையாடிச்சு. அத ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளை வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து சொல்லியிருக்கிறது, நம்ம ஊரில் அதை ஒருவர் கேட்டிருக்கிறார். நல்லது டீச்சர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"யாருக்க பிள்ளை டீச்சர்?"

அந்தப் பக்கம் நேசபாய் சிரித்தார்.

"அது ஒங்களுக்கு எதுக்கு மக்கா?"

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வாயடைத்துப் போனதில்லை.